போர்ட் பிளேரில் நான் பழித்த கார்

கப்பல் ஏறிய மூன்றாம் நாள் காலையிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பாட்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று தட்டை நீட்டினால், முதல் நாள் மத்தியானம் ஊற்றிய அதே பருப்பு. பரிமாறியவரிடம், "வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டேன். "கடல் இருக்கு, பாத்துக்கிட்டே சாப்பிடுங்க" என்றார். பின்னால் நின்ற தெலுங்குக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளியிடம் வேலை பார்த்தேன். அவருக்குப் பழைய கார்ப் பைத்தியம். பங்களாவுக்குப் பின்னால் நீளமான ஷெட்டில் ஏழு கார்கள் நிற்கும். எல்லாம் யுத்தத்துக்கு முந்தியவை. அவற்றைத் துடைப்பது, ஓட்டுவது, நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பது எல்லாம் நான்தான். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அவர் செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். போர்ட் பிளேரில் ஓர் அரசாங்கக் கிடங்கில் ஏலம். கழித்துக்கட்டிய பாய்லர், படகு எஞ்சின், லாரி என்று நீண்ட பட்டியலின் நடுவில், 'ஃபோர்டு வி-8 கார், யுத்தத்துக்கு முந்தியது, ஒன்று.'

"ரங்கசாமி, போய்ப் பாரு. ஒரிஜினலா இருந்தா என்ன விலைன்னாலும் எடு. எவனாச்சும் கை வெச்சிருந்தான்னா தொடாதே" என்றார்.

இந்தக் 'கை வைப்பது' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலாளியோடு நான் நாலைந்து பெரிய ஏலங்களுக்குப் போயிருக்கிறேன். சமஸ்தானங்கள் போன பிறகு அரண்மனை முற்றங்களில் கார்களை நிறுத்தி விற்பார்கள். வைரக் கடுக்கனும் கோட்டும் போட்டவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைதூக்குவார்கள். தொழிற்சாலையில் முடுக்கிய திருகாணி துருப்பிடித்து அப்படியே இருந்தால் அந்தக் காருக்கு மரியாதை. அதே காரில் ஒரு கெட்டிக்காரன் பெரிய எஞ்சினைப் பூட்டி, பிரேக்கை மாற்றி, மலைப்பாதையில் பறக்கிற வண்டியாக ஆக்கியிருந்தால், "கெடுத்துட்டான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒருமுறை அப்படி ஒரு வண்டி வந்தது. அரண்மனை டிரைவர் தன் கையால் செய்தது. ஒருவரும் கை தூக்கவில்லை. பக்கத்தில், இருபது வருஷம் கோழி அடைந்து கிடந்த ஒரு கார் பத்து மடங்கு விலைக்குப் போனது. வாங்கியவர் அதைத் தள்ளிக்கொண்டு போக எட்டு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் சம்பளக்காரன்; வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போர்ட் பிளேரில் இறங்கியபோது மழை. அபர்தீன் பஜாரில் ஒரு மாடி அறை கிடைத்தது. கீழே தொண்டிப் பக்கத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. பரோட்டாவும் மீன் குழம்பும் பிரமாதம். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். டீதான் சோகம். டப்பாப் பால் மாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள்.

"ஊர்ல மாடே கிடையாதுங்களா?" என்றேன்.

"மாடு இருக்கு பாய் சாப். பாலு ஆபீசர் குவாட்டர்ஸுக்குப் போயிரும். நமக்கு டப்பாதான். அச்சா இருக்கும், குடிங்க."

கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீரும் பசும்பாலும் குடித்து வளர்ந்தவனுக்கு அந்த 'அச்சா' இறங்கவில்லை. திரும்பிப்போகக் கப்பல் எப்போது என்று விசாரித்தேன். இரண்டு வாரம் ஆகும் என்றார். "வர்ற கப்பல் எப்ப வரும்னு கேளுங்க, சொல்லிருவேன். போற கப்பல் எப்பப் போகும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

மறுநாள் கிடங்குக்குப் போனேன். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. எந்த இலாகாவுடையது என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்த எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. வங்காளி குமாஸ்தா ஒருவர் குடையோடு வந்து ஒரு தகரக் கூரையின் கீழே கூட்டிப்போனார். கித்தானை விலக்கினார்.

பார்த்ததுமே என் வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தது. முதலாளி சொன்ன 'ஒரிஜினல்' அதில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. கிரில், விளக்குகள், டாஷ்போர்டு, மூக்கு. மற்றதெல்லாம் யாரோ ஒருவர் கைவேலை. கூரையை வெட்டித் தாழ்த்தியிருந்தார். கதவுகள் அந்தமான் படாக் மரத்தில். சிவப்பாக, இழைத்து, கண்ணாடி மாதிரி. பின் அச்சு லாரியுடையது. சக்கரங்கள் ஜீப்புடையவை. அடிச்சட்டமான சேஸிஸ் முழுக்கக் கப்பல் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தது. நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். எறும்பு வரிசை போல ஒரே சீராகப் போயிருந்தது. எங்கள் ஊரில் இப்படிப் பற்றவைக்கிற ஆளைத் தேடினால் இரண்டு பேர் தேறுவார்கள்.

"ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணுமே" என்றேன்.

குமாஸ்தா சங்கடத்தோடு, "அது ஹமீது வந்தால்தான் நடக்கும்" என்று இந்தியில் சொல்லி ஆளனுப்பினார்.

அரை மணியில் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மடித்துக் கட்டிய கைலி, எண்ணெய்க் கை, நனைந்த தலை. எனக்கு சலாம் சொல்லிவிட்டு, காரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பித் துண்டை எடுத்தார்.

"சாவி இல்லீங்களா பாய்?"

"சாவியே கிடையாதுண்ணே. இந்தக் கம்பிதான், அவ்ளோதான்."

கம்பியை எங்கோ சொருகினார். எஞ்சின் ஒரு முறை செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. நான் கார்களோடு வாழ்கிறவன். சத்தத்தை வைத்தே ஆளை எடைபோடுவேன். கூரைத் தகரம் அதிர்ந்தது. கீழே கொட்டிக் கிடந்த ஆணிகள் துள்ளின. ஆனால் குமாஸ்தாவின் டீ டம்ளரை வாங்கி அவர் எஞ்சின் மேல் வைத்தபோது ஒரு துளி சிந்தவில்லை.

"எங்க புடிச்சீங்க இந்த எஞ்சினை?"

"யுத்தம் முடிஞ்சு வெள்ளைக்காரன் திரும்பி வந்தப்போ விட்டுட்டுப் போன போட்டு. கரையேறுற போட்டு. அதோட எஞ்சின். உப்புத் தண்ணியில கெடந்துச்சு. பிரிச்சு, சிலிண்டரை போரிங் பண்ணி, ரெண்டு கார்புரேட்டர் போட்டேன். ஆறு வருஷம் ஆச்சுண்ணே."

"அரசாங்கத்துக்காகச் செஞ்சீங்களா?"

அவர் அப்போதுதான் முதல்முறையாகக் காரைப் பார்த்தார். "எனக்காகச் செஞ்சேன். இது என் வண்டி."

என் வண்டி என்கிறார். ஏலப் பட்டியலில் அரசாங்க வண்டி என்று போட்டிருக்கிறது. எனக்குப் புரியவில்லை. வெளியே வந்து, டெலானிபூர் மேட்டில் அவருடைய தகரக் கொட்டகை ஒர்க் ஷாப் வரைக்கும் நடந்துகொண்டே கேட்டேன்.

விஷயம் இதுதான். யுத்தத்துக்கு முன் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வைத்திருந்த கார், வெறும் கூடாகக் கிடங்கின் பின்னால் குப்பை மேட்டில் கிடந்தது. மரம் முளைத்திருந்தது. ஹமீது பழைய என்ஜினியரிடம் கேட்டார். "எடுத்துக்கிட்டுப் போ, இடம் காலியாகும்" என்றார் அவர். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆறு வருஷம் உழைத்து ஹமீது அதைக் காராக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை ஏற்றிக்கொண்டு கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போவார். அந்தத் தீவில் அதை முந்தக்கூடிய வண்டி கிடையாது. அங்கேதான் வினை.

புதிதாக ஓர் அதிகாரி மாற்றலாகி வந்தார். ஒருநாள் டெலானிபூர் மேட்டில் அவருடைய ஜீப் முக்கிக்கொண்டு ஏறியது. ஹமீது ஹாரன் அடித்து, ஒதுங்கி, மூன்றாவது கியரிலேயே அதை முந்திக்கொண்டு போய்விட்டார்.

"சாப் உள்ள இருக்காருன்னு கசம் சே, சத்தியமாத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா..." என்று நிறுத்தினார். பிறகு, "தெரிஞ்சிருந்தாலும் முந்தியிருப்பேன்" என்றார்.

யாருடைய கார் என்று அதிகாரி விசாரித்தார். ஃபைல் ஒன்று பிறந்தது. கூடு அரசாங்கச் சொத்து. எஞ்சின் அரசாங்கத்தின் வசம் வந்த படகுடையது. ஆகவே கார் அரசாங்கத்துடையது. ஒரு காலையில் நாலு பேர் வந்து தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஹமீது வேண்டுமானால் ஏலத்தில் கலந்துகொள்ளலாமாம்!

தன் கையால் செய்த காரை அவர் ஏலத்தில் எடுக்க வேண்டும். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. அதைவிட மோசம் அவர் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியது. நாலு வருஷத்து சாலை வரி ரசீது. ஹமீது பெயரில், அந்தக் காருக்கு, அரசாங்கம் முத்திரை குத்தி வாங்கிய வரி.

முதலாளிக்குத் தந்தி கொடுத்தேன்: 'கை வைத்த கார். வேண்டாம்.' என் வேலை அதோடு முடிந்தது. ஏலமும் தள்ளிப்போனது, அதிகாரி சுற்றுப்பயணம் போயிருந்தார். ஹமீது, "அப்போ ஸ்டோர் கீப்பரா இருந்த சுந்தரம் சார் இப்ப லாங் ஐலண்டுல மர டிப்போவுல இருக்காரு. பழைய என்ஜினியர் சாப் எடுத்துக்கச் சொன்னப்போ பக்கத்துல நின்னாரு. ஒரு லெட்டர் வாங்கியாந்தா ஏலத்தை நிறுத்திரலாம்" என்றார். கப்பல் வரும்வரை டப்பாப் பால் டீ குடித்துக்கொண்டு என்ன செய்வது? நானும் கிளம்பினேன்.

படகில் ஆள், கோழி, அரிசி மூட்டை, ஒரு தையல் மிஷின். இரண்டு பக்கமும் காடு தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது. எங்கள் பக்கத்து மலைக்காடு எட்ட நின்று பார்க்க விடும். இது மூச்சு முட்டுகிற மாதிரி கிட்டே வருகிறது. ரசித்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிட்டது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, படகு ஆடுகிறது. எனக்குக் காலையில் தின்ற பரோட்டா தொண்டைக்கு வந்தது.

ஹமீது காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "டீசல்ல தண்ணி. பத்து நிமிஷ வேலை" என்றார். எஞ்சின் டிரைவர் வழிமறித்தார். இலாகா ஆள் தவிர யாரும் எஞ்சினைத் தொடக்கூடாது என்பது விதியாம். "அப்ப நீங்க தொடுங்களேன்" என்றேன். அவருக்குத் தெரியாது, கடைசிவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் ஆடினோம். ஒரு பெண் வாந்தி எடுத்தாள். கடைசியில் படகுத் தலைவர், வயதான நிக்கோபாரி, எஞ்சின் டிரைவரின் தோளில் கைபோட்டு, "வா, மீன் சிக்குதான்னு பாக்கலாம்" என்று இந்தியில் சொல்லிப் பின்பக்கம் கூட்டிப்போய்விட்டார். ஹமீது இறங்கினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

லாங் ஐலண்டில் யானை மரம் இழுத்துக்கொண்டிருந்தது. சுந்தரம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒடிசலான மனிதர். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு தம்பி" என்றார் ஹமீதிடம்.

"தெரியும் சார். நிஜத்தை மட்டும் எழுதுங்க. அதுக்கு மேல ஒரு எழுத்து வேணாம்."

அவர் உள்ளே போய்விட்டார். எங்களுக்கு அவர் மனைவி சுடச்சுடச் சோறும் கொடுவா மீன் வறுவலும் போட்டார். அவர் எழுதமாட்டார் என்றே நினைத்தேன். மனதுக்குள் திட்டவும் செய்தேன். நாங்கள் கை கழுவும்போது வந்தார். ஒரு முழுப் பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் இடமும் குறித்திருந்தார். இரண்டு இடத்தில் மை தெறித்திருந்தது. அந்த மனிதரைத் திட்டியதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

திரும்பி வந்த மறுநாள் அதிகாரியைப் பார்த்தோம். கடிதத்தைப் படித்தார். மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இது ஒரு தனிமனிதரின் கடிதம். ஃபைலில் அனுமதி இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அழகான ஆங்கிலம்.

ஹமீது வரி ரசீதுகளை எடுத்து வைத்தார். "சாப், நாலு சால் டாக்ஸ் வாங்கியிருக்கீங்க. என் வண்டி இல்லேன்னா ஏன் எங்கிட்ட வாங்கினீங்க?"

"வரி வேறு இலாகா."

என்னால் அடக்க முடியவில்லை. "ஏனுங்க, ரெண்டு இலாகாவும் ஒரே அரசாங்கந்தானுங்களே?" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்.

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "நீங்கள் யார்?"

"மெயின்லேண்டிலிருந்து ஏலத்துக்கு வந்தவன்."

"அப்படியானால் ஏலம் நடப்பதுதானே உங்களுக்கு வேண்டும்?" என்று புன்னகைத்தார்.

நான் ஏலம் எடுக்க வந்தவன் என்பது உண்மைதானே. வெளியே வந்ததும் கோர்ட்டுக்குப் போகலாமே என்றேன். ஹமீது தலையசைத்தார். "கோர்ட்டு முடியுறதுக்குள்ள மழை அதைத் தின்னுரும்ணே. ஏலத்துலயே எடுத்துர்றேன். இங்க யாரு அதுக்குப் போட்டி போடப் போறா? தீவுல எல்லாருக்கும் தெரியும், என் வண்டின்னு." பஜாரில் நாலு பேரிடம் கைமாற்றும் வாங்கி வைத்திருந்தார்.

அவர் சொன்னது தீவுக்காரர்கள் மட்டில் சரி. ஏலத்தன்று காலை விமானத்தில் கல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளை ஷூ, தங்கப் பேனா. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய கார் தேடி அனுப்புகிற வியாபாரி. ஒரு பெரிய ஏலத்தில் என்னை முதலாளியோடு பார்த்திருக்கிறார். கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி எடுக்கப்போகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"எனக்கு இந்தக் கார் வேண்டாம், கிரில்லும் விளக்கும் டாஷ்போர்டும் போதும். என் அமெரிக்க வாடிக்கையாளரிடம் இதே மாடல் இருக்கிறது, மூக்கு மட்டும் இல்லை. கழற்றி விமானத்திலேயே எடுத்துப்போய்விடுவேன். மீதியைக் கப்பல் கூலி கொடுத்து யார் கொண்டுபோவது? இங்கேயே கடலில் தள்ளச் சொல்லிவிடுவேன்."

மிட்டாய் உறையைத் தூக்கிப் போடுகிற மாதிரி சொன்னார்.

முற்றத்தில் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பஜார் ஆட்கள், படகுக்காரர்கள், குமாஸ்தாக்கள். ஹமீது சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் நின்றார். இந்த வியாபாரி கைதூக்கினால் ஹமீதின் கைமாற்றுப் பணம் இரண்டு நிமிஷம் தாங்காது. அவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை. ஏலம் போடுகிறவர் பாய்லரை முடித்துவிட்டுக் காரிடம் வந்துவிட்டார். வியாபாரி பானெட்டைத் திறக்கச் சொன்னார். எல்லோரும் கேட்கும்படி என்னைப் பார்த்து, "ஃபோர்மேன் சாப், நீங்கள் சொல்லுங்கள். உங்கள் கண் பெரிய கண். என்ன தேறும்?" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தேன். என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன்.

"கபாட்" என்றேன். இந்தியில் பழைய இரும்புக் குப்பைக்கு அதுதான் பெயர்.

சிரிப்பு எழுந்தது. நான் நிறுத்தவில்லை. கிரில் அசல் இல்லை, தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தது என்றேன். விளக்கு வேறு வண்டியுடையது என்றேன். டாஷ்போர்டில் உப்பு ஏறிவிட்டது, தொட்டால் உதிரும் என்றேன். வியாபாரி சந்தேகத்தோடு கிரில்லைத் தட்டிப் பார்த்தார். சேஸிஸ் பேச்சை எடுக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. அவருக்குத்தான் அது வேண்டாமே. ஆனால் பொய்க்குச் சூடு பிடித்துவிட்டது. "இந்த வெல்டிங்கைப் பாருங்க. குருடன் வெச்ச மாதிரி. விரிசல் விட்டிருக்கு. இதைச் செஞ்சவனுக்குத் தொழில் தெரியாது" என்றேன், இந்தியிலும் தமிழிலும்.

சொல்லிக்கொண்டே ஹமீதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி நின்றார்.

ஏலம் தொடங்கியது. ஹமீது ஒரு விலை சொன்னார், குரல் எழும்பவில்லை. வியாபாரி பழக்கதோஷத்தில் கொஞ்சம் ஏற்றினார்; என் பக்கம் திரும்பினார். நான் உதட்டைப் பிதுக்கினேன். ஹமீது இன்னும் கொஞ்சம் ஏற்றினார். வியாபாரி கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டே வேண்டாம் என்று கையசைத்தார். மூன்று தரம் கூவி முடிந்தது. பாய்லர்கூட அதைவிட அதிக விலைக்குப் போயிருந்தது.

வியாபாரி எனக்கு ஒரு வெளிநாட்டு சிகரெட் கொடுத்து நன்றி சொன்னார். அதிகாரி வராண்டாவில் நின்று கையெழுத்துப் போட்டார். காரை நிறுத்திவைத்த மாதங்களுக்கு இட வாடகையும் சேர்த்து வாங்கினார்கள்! இவர்களே பறித்து, இவர்களே பூட்டி, அதற்கு வாடகை. ஹமீது எண்ணிக் கட்டினார். கம்பியைச் சொருகிக் கிளப்பிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார். கூட்டத்தில் யாரோ, "கபாட் காடி ஜா ரஹா ஹை!" என்று கத்தினார், குப்பை வண்டி போகுது என்று. ஊரே சிரித்தது.

மறுநாள் டெலானிபூர் மேட்டுக்கு நடந்தேன். வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். "அவுக சாப்பிடவே இல்லண்ணே. பின்னாடி வண்டியிட்ட இருக்காக, போங்க" என்றார்.

ஹமீது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல்கத்தாக்காரர் மூக்கை அறுத்துக்கொண்டு மீதியைக் கடலில் தள்ளுவதாகச் சொன்னதை, எனக்கு வேறு வழி தோன்றாததை. அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"ராத்திரியே விளங்கிருச்சுண்ணே. வண்டி எங்கிட்ட வந்தது உங்களாலதான். சுக்ரியா." குனிந்து சேஸிஸைத் தடவினார். "ஆனா அந்த வெல்டிங்கு. அது எதுக்குண்ணே? அவன்தான் அதைக் கேக்கலையே."

"வாய் போன போக்குல வந்திருச்சு பாய்."

"மெயின்லேண்டுல இருந்து பெரிய மிஸ்திரி வந்து சொல்லிட்டாருன்னு காலையில டீக்கடையில பேசிக்கிறாங்க. ஒருத்தன் போட்டு வேலை குடுத்திருந்தான். வேணாம்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நான் செய்யிற தொழிலே அதுதானே அண்ணே."

"நான் போய்ச் சொல்றேன். கடை கடையாச் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். கப்பலுக்குக் காத்திருந்த நாலு நாளும் பஜாரில் ஒரு கடை விடவில்லை. ஏலத்தில் சொன்னது பொய், கார் அருமையான கார் என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். யாரும் நம்பவில்லை. ஹமீது காசு கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். சாப்பாட்டுக் கடைக்காரரே, "விடுங்க பாய் சாப், நீங்க நல்லவரு, மனசு கேக்காமப் பேசுறீங்க" என்று என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். உண்மையைப் பேசி நான் தோற்ற நாட்கள் அவை. பொய்க்கு ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது.

கப்பல் நாலு நாள் தாமதித்துப் புறப்பட்டது. கோயமுத்தூரில் முதலாளி, "நல்லவேளை, தொடலை" என்றார். "தொட்டிருக்கோணுங்க" என்றேன். ஏழு கார் நிற்கும் அந்த ஷெட்டில் எட்டாவதாக நிற்க அதற்குத்தான் தகுதி உண்டு என்றும் சொன்னேன். அவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஹமீதுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கப்பலில் போய்வந்த ஒருவர், அவர் இன்னும் டெலானிபூரில்தான் இருக்கிறார், கார் ஓடுகிறது, வேலை முன்போல் வருவதில்லை என்றார்.

அந்த முற்றத்தில் நின்ற ஐம்பது பேரில் யாராவது தமிழ் படிக்கக்கூடும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் ரங்கசாமி. அன்று பானெட் பக்கத்தில் நின்று பேசியவன் நான்தான். கிரில் அசல். விளக்கு அசல். சேஸிஸில் விரிசல் கிடையாது. அந்த வெல்டிங் மாதிரி என்னால் வைக்க முடியாது. படகோ காரோ லாரியோ ரிப்பேருக்கு இருந்தால் டெலானிபூர் மேட்டுக்குக் கொண்டுபோங்கள். அந்த மனிதருக்குத் தொழில் தெரியும்.